குமட்டுகிறது என்று சொன்னவள்

பழனிசெட்டிபட்டியில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் வேல்விழிக்கு வெள்ளிக்கிழமை காலையில் கடை கிடையாது. ஷட்டரைப் பாதி இறக்கி, 'மதியத்துக்கு மேல் வரவும்' என்ற அட்டையைத் தொங்கவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறிவிடுவாள். இடது காலுக்குள் கம்பி வைத்த நாளிலிருந்து அவள் நடை கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்த நடையோடு அவள் தியேட்டர் படியேறுவதைப் பார்த்தால், டிக்கெட் கிழிப்பவர் சிரித்துக்கொண்டே, "இன்னைக்கு யாரு மாட்டுனது?" என்று கேட்பார்.

புதுப்படம் எதுவானாலும் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திட்டுவாள். அவள் திட்டுவதைக் கேட்கவே ஒரு கூட்டம் இருந்தது.

அது ஆரம்பித்தது வாட்ஸப்பில். துணி தைத்தாகிவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக வாடிக்கைக்காரப் பெண்களைச் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தாள். யாரோ ஒருத்தி ஒரு நாள் அதில், "அக்கா, அந்தப் போலீஸ் படம் எப்படி இருக்கு, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டாள். வேல்விழி தைத்துக்கொண்டே குரலில் பதில் போட்டாள்.

"ச்சீ. மூணு மணி நேரமா ஒருத்தன் எல்லாரையும் அடிக்கிறான். எதுக்கு அடிக்கிறோம்னு அவனுக்கும் தெரியல, எதுக்கு வாங்குறோம்னு அவனுகளுக்கும் தெரியல. ஏசி மட்டும் நல்லாருந்துச்சு."

அந்தக் குரல் குழுவை விட்டு வெளியே போய்ச் சின்னமனூர், உத்தமபாளையம் என்று சுற்றியது. அதன்பிறகு வாராவாரம் கேட்டார்கள். அவளும் போட்டாள். விவசாயியைப் பற்றிய ஒரு படத்துக்கு, "விவசாயியக் கும்புடுறாக, கும்புடுறாக, கும்புட்டுக்கிட்டே இருக்காக. கடைசிவரைக்கும் ஹீரோ வேட்டி மடிப்புக் கலையல" என்றாள். அண்ணன் தங்கைப் படத்துக்கு, "அழுகாம எவளும் வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு கதவப் பூட்டிட்டு எடுத்திருக்காக" என்றாள். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை விடாமல் துரத்தும் காதல் படம் ஒன்று வந்தபோது, "இதுக்கு நம்ம ஊர்ல காதல்னு பேரு இல்ல. அந்தப் பிள்ளைக்கு அப்பன் ஆத்தா இல்லையா?" என்று கேட்டு நிறுத்திக்கொண்டாள்.

நல்ல படத்தைத் திட்டுகிறவள் இல்லை அவள். குமுளிக்காரர்கள் சொல்லிக் கேட்டுப் போய்ப் பார்த்த ஒரு மலையாளப் படத்துக்கு அவள் சொன்னது இது: "ஒரு வீடு, ரெண்டு பேரு, விடாத மழ. ஒண்ணுமே நடக்கல. ஆனா எந்திரிச்சு வர மனசு வரல. நெஞ்சுக்குள்ளயே நிக்குது." அந்த வாரம் கேட்டவர்களுக்கே ஆச்சரியம். வேல்விழி ஒரு படத்தைப் பாராட்டிவிட்டாள் என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

அப்போதுதான் திலீபன் வந்தான். தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறவன். முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் திறப்பு, ஏலக்காய் விலை, கோயில் கொடியேற்றம், யார் வீட்டுக் கல்யாணம் என்று எல்லாம் அதில் வரும். வேல்விழியின் முகம் வேண்டாம், தையல் மெஷினில் ஓடும் கைகளை மட்டும் காட்டுகிறேன், குரல் போதும் என்றான். அவள் ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு அவள் கை தெரியும், குரல் தெரியும்.

வேல்விழி பிறந்தது தையல்காரியாக இல்லை. கம்பத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் பறித்தவள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறக்கூடாதோ அத்தனை பேர் ஏறுவார்கள். பக்கத்து வீட்டு இன்னாசியம்மாளும் அவளும் எப்போதும் ஒரே பக்கம் உட்காருவார்கள். இவள் இந்து, அவள் கிறிஸ்தவச்சி. ஆனாலும் இவள் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவாள், அவள் மகள் ரோஸ்லின் இவளை அத்தை என்பாள். ஒரு மழைக்காலத்தில், வேலை முடிந்து இறங்கும்போது, வளைவில் அந்த ஜீப் கவிழ்ந்தது. வேல்விழியின் கால் நொறுங்கியது. இன்னாசியம்மாள் அவள் கண்ணெதிரிலேயே இறந்துபோனாள். ரோஸ்லின் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

காலில் கட்டோடு படுத்துக்கிடந்த மாதங்களில், துணைக்கு இருக்கட்டும் என்று புருஷன் பேச்சிமுத்து டிவியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவான். ரிமோட் எட்டாத தூரத்தில் கிடக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சேனலில் என்ன ஓடுகிறதோ அதைப் பார்த்தே ஆகவேண்டும். வாய்விட்டுத் திட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. சாயங்காலம் வந்து கதவைத் திறக்கிற பேச்சிமுத்துவிடம், "ஏங்க, இவுகளுக்கெல்லாம் வெக்கமே கிடையாதா?" என்பாள். அவன் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று முதலில் பயந்துபோனான்.

மலையேற முடியாது என்று ஆனபின் இருவரும் பழனிசெட்டிபட்டிக்கு வந்தார்கள். அவன் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். அவள் தையல் பழகினாள். ரோஸ்லின் நர்சிங் படித்துத் தேனியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்கு வந்தபிறகு, லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமைகளில் அத்தையோடு படத்துக்கு வருவாள்.

தமிழ்மாறன் என்ற இயக்குநர் வேல்விழியைத் தேடி வந்தது இந்தக் காலத்தில்தான். பெரியகுளத்துப் பையன். சென்னையில் உதவியாளனாகப் பல வருடம் இருந்துவிட்டு, முதல் படம் எடுக்கப்போகிறான். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்களைப் பற்றிய கதை. அவன் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போனில் பதிவை ஓடவிட்டு, அந்த விபத்தைப் பற்றிக் கேட்டான்.

அதுவரை அவளிடம் அதைக் கேட்டவர்கள் போலீஸ்காரர்களும் வக்கீலும்தான். டிரைவர் குடித்திருந்தானா, எத்தனை பேர் ஏறினார்கள், இதைத்தான் கேட்டார்கள். இவன், "அந்த அக்கா கடைசியா ஏதாச்சும் சொன்னாகளா?" என்று கேட்டான்.

வேல்விழி மெஷினை நிறுத்தினாள். ரோஸ்லினுக்குக்கூடச் சொல்லாததை அவனிடம் சொன்னாள்.

"ரோட்டுல கிடந்தோம் தம்பி. சுத்தி ஆம்பளையாளுக ஓடி வர்றாக. மதினிக்குச் சேல தொடைக்கு மேல ஏறிக் கிடந்துச்சு. உசிரு போற நேரத்துல அவ வலிக்குதுன்னு சொல்லல. சேலய இழுத்து விடு மதினின்னா. நான் நகந்து நகந்து போயி இழுத்து விட்டேன். கரண்டக்கால் வரைக்கும் மூடுனதப் பாத்துட்டுத்தான் கண்ண மூடுனா."

தமிழ்மாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்க சொன்னத நான் பத்திரமா வச்சுக்கிருவேன்கா" என்றான். அன்று முழுக்க அவளுக்கு ஏதோ பாரம் இறங்கியதுபோல இருந்தது. ஒரு நல்லவனிடம் சொல்லிவிட்டோம் என்று பேச்சிமுத்துவிடமும் சொன்னாள்.

படம் முடிந்து வெளியாகும் வாரத்தில் சென்னையில் பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே போட்டுக் காட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை தேனிக்குப் போகும் பஸ்ஸில், ரோஸ்லின் போனைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள்.

"ரத்தமும் சதையுமான மண்ணின் கதைன்னு ஒருத்தர் போட்டுருக்காரு அத்தே. இந்த ஆளு நாலு ஸ்டார் குடுத்துருக்காரு. இதப் பாருங்க, விபத்துக் காட்சியில் கேமரா எழுதியிருக்கும் கவிதைன்னு எழுதிருக்காக."

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. புதுச் சுடிதார் போட்டிருந்தாள். படத்தின் தொடக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் அம்மாவின் பெயர் வரும் என்று தமிழ்மாறன் சொல்லியிருந்தான். முதல் காட்சிக்கு இருவரையும் அவனே அழைத்திருந்தான், நடுவரிசையில் நல்ல இடம் போட்டு வைத்திருந்தான்.

பெயர் வந்தது. ரோஸ்லின் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பாதியில் வேல்விழிக்குப் பெரிதாக ஒன்றும் உறுத்தவில்லை. தோட்டத்தில் பெண்கள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். யார் கையிலும் ஒரு கீறல் இல்லை. அதெல்லாம் சினிமாவில் இருப்பதுதான் என்று விட்டுவிட்டாள். இன்னாசியம்மாளாக நடித்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது போல. அதையும் விட்டுவிட்டாள்.

இடைவேளைக்கு அப்புறம் ஜீப் கவிழ்ந்தது. மெதுவாக, மிக மெதுவாகக் கவிழ்ந்தது. பெண்கள் காற்றில் மிதந்தார்கள். மழை விழுந்தது. அந்தப் பெண் ரோட்டில் விழுந்து கிடந்தாள். ரவிக்கை தோளில் கிழிந்திருந்தது. சேலை விலகிய தொடையில் மழைத்துளி விழுவதை, திரை முழுக்கத் தொடை மட்டுமே தெரியும்படி, கேமரா கீழிருந்து மேலாக ஊர்ந்து காட்டியது. முன்வரிசையில் யாரோ விசிலடித்தான். இன்னொருவன் அதற்கு ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்போது அந்தப் பெண் பேசினாள். "சேலய இழுத்து விடு மதினி."

பக்கத்தில் கிடந்த தோழி கையை நீட்டினாள். கை எட்டவில்லை. வயலின் அழுதது. தொடை அப்படியே கிடக்க, உயிர் போயிற்று. கேமரா மறுபடியும் ஒரு தடவை ஊர்ந்தது.

இருட்டில் ரோஸ்லின் திரும்பினாள். "அத்தே, எங்கம்மா அப்படிச் சொன்னாகளா?"

வேல்விழி ஆமென்று தலையை ஆட்டினாள். ரோஸ்லின் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு எழுந்து, கால்களை இடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

வேல்விழியும் எழுந்தாள். கழிவறைக்குப் போய்க் குனிந்து நின்றாள், காலையில் குடித்த காபி மொத்தமும் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது ரோஸ்லின் அங்கே இல்லை. வாசலில் தமிழ்மாறன் சால்வையோடு நின்றிருந்தான். பக்கத்தில் மைக்கோடு திலீபன்.

"யக்கா, நம்ம மண்ணுப் படம். ஒரு வரி சொல்லுங்க" என்று திலீபன் மைக்கை நீட்டினான்.

"குமட்டுது" என்றாள் வேல்விழி.

திலீபன் சிரிக்கப் பார்த்தான். "இல்லக்கா, இன்னைக்காச்சும்..."

"உள்ள வாந்தி எடுத்துட்டு வர்றேன். அதத்தான் சொல்லுறேன், போட்டுக்க." தமிழ்மாறனைப் பார்த்துத் திரும்பினாள். "அவ மூடச் சொன்னா தம்பி. நீ தொறந்து வச்சுட்ட."

தமிழ்மாறன் சால்வையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, போனைப் பார்த்தான். வேல்விழி நொண்டிக்கொண்டே படியிறங்கினாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் போன் வரத் தொடங்கியது. "உனக்கே பிடிச்சுப் போச்சாமே!" என்றாள் ஒரு வாடிக்கைக்காரி. "நீ சொல்லிட்டேன்னு நாங்க குடும்பத்தோட கெளம்புறோம்" என்றாள் இன்னொருத்தி. வேல்விழிக்கு ஒன்றும் புரியவில்லை. திலீபனின் சேனலைத் திறந்து பார்த்தாள்.

மெஷினில் அவள் கைகள் ஓடின. மேலே தமிழ்மாறன் படத்தின் போஸ்டர். அவள் குரல் சொன்னது: "எந்திரிச்சு வர மனசு வரல. நெஞ்சுக்குள்ளயே நிக்குது."

மலையாளப் படத்துக்குச் சொன்னதை வெட்டி எடுத்து இதற்கு ஒட்டியிருந்தான்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஸ்லினிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'நீங்களா அத்தே இப்படிச் சொன்னீக?' அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

வேல்விழி ஷட்டரை இறக்கிவிட்டுத் திலீபனின் மாடிக்குப் போனாள். அவள் படியேறி வருவதை அவன் ஜன்னல் வழியாகவே பார்த்திருக்க வேண்டும். உள்ளே நுழையும்போதே நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உக்காருங்கக்கா. டீ சொல்லவா?"

"எடுடா அத."

"யக்கா, கோவப்படாதீக. படக்கம்பெனி விளம்பரம் குடுத்திருக்காக. உங்க குரல்ல வந்தாத்தான் நம்ம சனம் போகும்னாக. பொய்யா ஒண்ணும் சேக்கலயே, உங்க குரல்தான, நீங்க சொன்னதுதான?"

வேல்விழி அவனைப் பார்த்தாள். கடைக்கு வந்து அக்கா அக்கா என்று சுற்றிய பையன். அவன் மனைவிக்குச் சீமந்த ரவிக்கை தைத்ததுகூட அவள்தான்.

"ஏலே, ஒன் பொண்டாட்டி இன்னொருத்தன்கிட்ட பேசுனத வெட்டி ஒங்கிட்டப் பேசுன மாதிரி ஒட்டிக் குடுத்தா, அவ குரல்தானன்னு கேட்டுக்கிருவியா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஞாயித்துக்கெழம வரைக்கும் ஓடட்டும்கா. திங்கக்கெழம எடுத்துர்றேன்."

"சனி ஞாயிறுதான ஒனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, தன் பழைய வாடிக்கைக்காரர் குழுவைத் திறந்தாள். சுற்றிலும் போடி பஸ், கம்பம் பஸ் என்று கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசினாள்.

"வேல்விழி பேசுறேன். சேனல்ல வந்தது என் குரலு. ஆனா இந்தப் படத்துக்கு நான் சொன்னதில்ல. அது வேற படத்துக்குச் சொன்னது. இதுக்கு நான் சொல்லுறது இம்புட்டுத்தான். சாகப்போன ஒரு பொம்பள சேலய இழுத்து விடுன்னு எங்கிட்டத்தான் சொன்னா. நான் இழுத்து விட்டேன். இவுக அத மறுபடியும் வழிச்சுக் காட்டி, விசிலடிக்க வச்சிருக்காக. எனக்குக் குமட்டுது."

அதை ரோஸ்லினுக்கும் அனுப்பினாள். அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றாள். வேலை முடிந்து வெளியே வந்த ரோஸ்லின், பார்த்தும் பார்க்காதவள்போல நடந்தாள். வேல்விழியால் அவள் வேகத்துக்கு வர முடியவில்லை. பின்னாலேயே, "ஆத்தா, மெல்லப் போடி" என்றாள். அதைக் கேட்டு ரோஸ்லின் நின்றுவிட்டாள்.

"ஊருக்கே சொல்லிருக்கீக. எங்கிட்ட ஏன் அத்தே சொல்லல?"

"சின்னப் பிள்ளையா இருந்த. அப்புறம் நீ நர்சா ஆயிட்ட. அதுக்கப்புறம் எப்பச் சொல்லுறதுன்னு தெரியல." வேல்விழி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "படத்துல காட்டுன மாதிரி இல்ல புள்ள. கை எட்டுச்சு. நான் மூடி விட்டேன். அதத்தான் நீ முதல்ல தெரிஞ்சுக்கணும்."

ரோஸ்லின் வெகுநேரம் அழுதாள். ஆட்டோக்காரர்கள் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அன்றைக்கு அவள் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. அத்தையோடு பழனிசெட்டிபட்டிக்கு வந்துவிட்டாள்.

வேல்விழியின் குரல், விடியற்காலை ஜீப்புகளில் எல்லாம் ஒலித்தது. நாலைந்து நாளில் கூடலூர்ப் பக்கமிருந்து முருகம்மாள் என்பவள் கூப்பிட்டாள். முன்பின் தெரியாதவள். அந்தப் படத்தில் விபத்துக் காட்சிக்கு ஜீப் பெண்களையே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார்கள், அதில் தானும் ஒருத்தி என்றாள்.

"எங்கள ரோட்டுல படுக்கச் சொன்னாக யக்கா. சேலய இன்னுங்கொஞ்சம் ஏத்து, இன்னுங்கொஞ்சம் ஏத்துன்னாக. கூச்சமாத்தான் இருந்துச்சு. சினிமான்னா இப்படித்தான் போலன்னு ஏத்திக்கிட்டோம். எம்புருஷன் தேட்டர்ல பாத்துட்டு வந்து மூணு நாளாப் பேசல. நீங்க சொன்னதக் கேட்டபொறகுதான், அது என் தப்பு இல்லன்னு எனக்கே பட்டுச்சு."

வேல்விழி போனை வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பினாள்.

தமிழ்மாறன் ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வருகிறான் என்று நினைத்து அவளே ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"உண்மையத்தானக்கா எடுத்தேன். நீங்க சொன்ன வார்த்தை. ஒரு எழுத்து மாத்தல. சென்னையில எல்லாரும் அந்த சீனைத்தான் கொண்டாடுறாங்க."

"அவ சொன்னத எடுத்துக்கிட்ட. நான் செஞ்சத ஏன் எடுத்துக்கல?"

"கை எட்டாமப் போனாத்தான்கா பாக்குறவுகளுக்கு வலிக்கும்."

"விசிலடிச்சவனுக்கு எங்க தம்பி வலிச்சுச்சு?"

உங்களுக்குக் கலை புரியாது என்பதுபோல அவன் ஒரு சிரிப்புச் சிரித்தான். வேல்விழி ஸ்டூலை இழுத்து உள்ளே போட்டுவிட்டு மெஷினை மிதித்தாள்.

படம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. கம்பத்தில் பெண்கள் அதிகம் போகவில்லை என்று கேள்வி. ஆனால் ஊர் ஊராய் ஓடியது. வெளிநாட்டில் ஏதோ விழாவில் விருது வாங்கியது. கோட்டுப் போட்ட தமிழ்மாறன், 'எங்கள் பெண்களின் கண்ணீர்' என்று மேடையில் பேசியதை ரோஸ்லினே காட்டினாள். பிறகு போனில் பார்க்க வெளியிட்ட பதிப்பிலும் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. திலீபன் சேனலில் இப்போது வேறொரு பெண் விமர்சனம் சொல்கிறாள். அவளுக்கு எல்லாப் படமும் வேற லெவல். வேல்விழியின் கைகள் தைக்கும் காட்சியை மட்டும் அவன் இன்னும் எடுக்கவில்லை. மேலே அந்தப் பெண்ணின் குரல் ஓடும்போது, கீழே இவள் கை ஓடுகிறது. எடுக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, அதற்குமேல் கேட்பதே கேவலம் என்று விட்டுவிட்டாள்.

வேல்விழியின் குரல் பழையபடி வாட்ஸப் குழுவுக்குத் திரும்பிவிட்டது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவளும் ரோஸ்லினும் ஏதோ பேய்ப் படத்துக்குப் போனார்கள். படம் தொடங்கும் முன், திரையில் நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது ரோஸ்லின் கேட்டாள்.

"எங்கம்மா படம் பாத்தா அழுவாகளா அத்தே?"

"உங்கம்மாவா? அழுகுற எடத்துலதான் அவளுக்குச் சிரிப்பு வரும். வாயப் பொத்திக்கிட்டு முதுகு குலுங்கக் குலுங்கச் சிரிப்பா. தேட்டரே திரும்பிப் பாத்து வையும். இனிமே இவளோட படத்துக்கு வரக்கூடாதுன்னு நெனப்பேன். அடுத்த வாரம் நானே போயிக் கூப்புடுவேன்."

ரோஸ்லின் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது. பேய் வந்தது, கதவு தானாகத் திறந்தது, யாரோ கத்தினார்கள். பாதிப் படத்திலேயே வேல்விழி இருட்டில் செருப்பைத் தேடத் தொடங்கினாள்.

"எந்திரி புள்ள. இந்தக் கருமத்த இன்னும் ஒரு மணி நேரம் எவ பாக்குறது?"